பூசணியும் பட்டாணியும்: ஒரு திருத்தம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த பரிணாமம் குறித்த கட்டுரையில், பூசணியின் பற்றுக்கம்பியும் பட்டாணியின் பற்றுக்கம்பியும் அமைப்பொத்த உறுப்புகள், அதாவது வேலை எதுவானாலும் ஒரே மூல உறுப்பிலிருந்து வந்தவை, என்று குறிப்பிடப்பட்டிருந்தது. இது தவறு. பெங்களூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துப் படிக்கிறார்கள் என்பதால், இதற்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு கம்பிகளும் கொம்பைச் சுற்றிக் கொடியை மேலேற்றுகின்றன என்பது உண்மைதான். ஆனால், ஓர் உறுப்பு செடியில் எந்த இடத்திலிருந்து எழுகிறது, எதன் திரிபாக உருவாகிறது என்பதே இங்கு அளவுகோல். செய்யும் வேலை அதற்குச் சான்றாகாது. பூசணிக் கம்பி கணுவில், இலைக்குப் பக்கத்தில் தோன்றும் தண்டின் திரிபு. போகன்வில்லாவின் முள்ளும் இலைக்கோணத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில், எழும் கிளையின் திரிபே. ஒன்று பற்றி ஏற, மற்றொன்று குத்திக் காக்க, வேலை வேறானாலும் இவ்விரண்டுமே அமைப்பொத்தவை.

பட்டாணியின் கதை வேறு. பல சிற்றிலைகள் சேர்ந்த அதன் கூட்டிலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அடிப்பகுதிச் சிற்றிலைகள் தட்டையாக விரிந்திருக்க, நுனிப்பக்கத்தில் சிற்றிலைகள் இருக்க வேண்டிய இடங்களில் கம்பிகள் சுருண்டிருப்பது தெரியும். கம்பி உருவாவதற்குத் தேவையான ஒரு மரபணு செயலிழந்த பட்டாணிச் செடிகளில், அதே இடங்களில் முழுச் சிற்றிலைகளே விரிகின்றன. புதிய உறுப்பு எதுவும் எங்கிருந்தோ வந்து சேரவில்லை என்பதற்கும், இருந்த சிற்றிலையின் வளர்ச்சியே திசை மாறியது என்பதற்கும் இதைவிட நேரடியான சான்றை நான் அறியேன். எனவே தண்டின் திரிபான பூசணிக் கம்பியோடு பட்டாணிக் கம்பி அமைப்பொத்ததல்ல. சப்பாத்திக்கள்ளியின் முள்ளும் இலைவழி வந்ததே. ஆகவே அதைப் போகன்வில்லா முள்ளோடு சேர்க்கலாகாது.

உறுப்பின் திரிபைக் கண்ணாரக் காண, பெங்களூரில் பல வளாகங்களில் வளர்ந்து நிற்கும் ஆஸ்திரேலிய அகேசியா மரம் இன்னும் வியப்பூட்டுகிறது. கன்றின் முதல் இலைகள் கருவேல இலைபோலப் பொடிப்பொடியாகப் பிரிந்திருக்கும். அடுத்தடுத்து வருபவற்றில் காம்பு அகன்றுகொண்டே போக, சிற்றிலைகள் குறைந்து மறைந்துவிடும். பெரிய மரத்தில் அரிவாள் வடிவில் தொங்குவதெல்லாம் தட்டையான காம்புகளே. இரு வடிவங்களையும் ஒரே கன்றில் காண முடியும் என்பதால், வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான செடி அமைவது அரிது.

திருத்தம் வெளியிடும்போது, போகன்வில்லா முள் எழும் கணுவையும் பட்டாணிக் கூட்டிலையையும் அருகருகே காட்டும் தெளிவான படங்களையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.