வாசல் கம்பத்துக்கு முன் கணக்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி வியாபாரத்துக்கு முன்பாகச் சிறு நகரங்களின் சூப்பர் மார்க்கெட்டுகளும் ஜவுளிக்கடைகளும் வாசலில், பணம் கட்டாத பொருளின் லேபிள் கடந்தால் கத்தும் இரண்டு கம்பங்களான சென்சார் கேட் பொருத்துவது வழக்கமாகி வருகிறது. முதல் மாதம் அதன் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பிறகு அது கத்தினாலும் வாட்ச்மேன் கையசைத்து அனுப்பிவிடுகிறார். ஆண்டு முடிவில் ஸ்டாக் எடுத்தால் ஷார்ட்டேஜ் அப்படியே இருக்கிறது. அதை விற்பனைப் பெண்களின் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இந்தக் கருவிகளைப் பொருத்திப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவர்கள் நாங்கள். எங்கே தவறுகிறது என்பதைக் கடைக்காரர்கள் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

ஷார்ட்டேஜ் எல்லாம் திருட்டு அல்ல. தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, விற்றது, திருப்பி அனுப்பியது, சேதமானது மூன்றையும் கழித்தால் ரேக்கில் இருக்க வேண்டிய எண்ணிக்கை வரும். எண்ணிப் பார்த்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் எப்படி அமைந்திருக்கிறது என்பதிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும். ஒரே விலையுள்ள இரண்டு வாசனைச் சோப்புகளில் ஒன்று 6 குறைந்து மற்றொன்று 6 கூடியிருந்தால், பில் போடுபவர் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து மற்றதையும் அதே கணக்கில் தட்டியிருக்கிறார். 12, 24 என்று பெட்டிக் கணக்கில் குறைந்தால், சரக்கு இறங்கிய நாளில் பெட்டியைப் பிரிக்காமலே இன்வாய்ஸில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பருப்பும் அரிசியும் கடையிலேயே பாக்கெட் போடப்படுகிறதென்றால், எடைத் தராசையும் கழிவையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளேடு, முந்திரி, பாதாம், நெய், சாக்லேட், வாசனைத் திரவியம் போன்ற சிறிய, விலை கூடிய பொருள்கள் மட்டும் வாரந்தோறும் ஒன்றிரண்டாகக் குறைந்துகொண்டே போனால்தான் ரேக்கிலிருந்து கை எடுக்கிறது என்று நினைக்கலாம். ரத்து செய்த பில்லும் பணம் திருப்பிக் கொடுத்த பில்லும் ஒரே கவுன்டரில் ஒரே ஷிஃப்டில் கூடினால் விசாரிக்க வேண்டிய இடம் வேறு.

இதற்கு ஆண்டுக்கொரு ஸ்டாக் எடுப்பு உதவாது. அடிக்கடி காணாமல் போகும் 40 பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, கடை திறக்குமுன் தினமும் அவற்றை மட்டும் எண்ணுங்கள். அரை மணி நேர வேலைதான். எந்த நாளில் குறைந்தது என்று தெரிந்தால் எந்த கேமராப் பதிவைப் பார்ப்பது என்பதும் தெரியும். கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை: கூரையில் மாட்டிய கேமராவில் உச்சந்தலைதான் தெரியும். வெளியே போகும் வழியில் ஒன்றையாவது முகத்துக்கு நேராக, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள்.

எண்ணி முடித்து, பொருள் கதவு வழியாகத்தான் போகிறது என்று உறுதியான பிறகு கேட் வாங்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் விற்கப்படுபவை இரண்டு வகை. ஒன்று 8.2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடியோ அலை வகை. இதன் லேபிள் தாள்போல மெல்லியது. உள்ளே அலுமினியச் சுருளும் மின்தேக்கியும் இருக்கும். விலை குறைவு. ஆனால் அலுமினியத் தாள் உறையிலும், தகர டின்னிலும், திரவம் நிறைந்த பாட்டிலின் நடுவிலும் ஒட்டினால் அதன் அலைவரிசை நகர்ந்துவிடும். கேட்டுக்கு அது தெரியாது. பாட்டிலில் ஒட்ட வேண்டுமானால் திரவ மட்டத்துக்கு மேலே, கழுத்தருகே ஒட்ட வேண்டும். இரண்டாவது 58 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் காந்த-ஒலி வகை. இதன் லேபிள் சுமார் 45 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு பிளாஸ்டிக் பட்டை. உள்ளே உலோகத் தகடு தளர்வாகக் கிடந்து அதிர வேண்டும். வளைந்த பரப்பில் இறுக்கி ஒட்டினாலும், நசுங்கினாலும் அது அதிராது. அலுமினிய உறையை ரேடியோ வகையைவிட நன்றாகத் தாங்கும். இரும்புத் தகர டின் இதற்கும் ஆகாது. எனவே பால்மாவு டின்னும் நெய் டின்னும் அதிகம் விற்கும் கடை, லேபிளை நம்பாமல் அவற்றை பில் கவுன்டருக்குப் பின்னால் வைப்பதே நல்லது.

லேபிளை எங்கே ஒட்டுவது என்பதில் சட்டமும் இருக்கிறது. விலை, நிகர எடை, தயாரித்த மாதம் ஆகியவற்றைப் பொட்டலத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். காலாவதித் தேதி மீதும் எம்.ஆர்.பி. மீதும் லேபிளை ஒட்டி மறைக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. திருட்டைத் தடுக்கிறோம் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

கேட் விற்பவர் சொல்லும் இடைவெளி பெரும்பாலும் துணிக்குப் போடும் பெரிய டேகை வைத்து அளந்தது. சிறிய லேபிளுக்கு அதே கேட் அவ்வளவு தூரம் பிடிக்காது. அதனால் நீங்கள் பயன்படுத்தப்போகும் மிகச் சிறிய லேபிளை எடுத்து, இரண்டு கம்பங்களுக்கும் நட்ட நடுவில், கணுக்கால், இடுப்பு, தலை என மூன்று உயரத்திலும், படுக்கையாகவும் நிமிர்த்தியும் பக்கவாட்டாகவும் பிடித்து நடந்து பாருங்கள். ஒன்பது முறையும் சத்தம் வந்த பிறகு பணம் கொடுங்கள். எல்.இ.டி. போர்டு, யு.பி.எஸ்., ஷட்டர் மோட்டார் எல்லாவற்றையும் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு மாற்றியும் ஒருமுறை பார்க்க வேண்டும். லேபிள் ஒட்டிய சரக்கைக் கம்பத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் அடுக்காதீர்கள். காரணமில்லாமல் கத்துவதற்கு இதுவே பெருங்காரணம். பெரியவர்கள் காத்திருக்கும் நாற்காலியையும் அங்கே போடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வழக்கமான நடையில் கேட்டைக் கடப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. அதன் மேல் சாய்வதும் அருகிலேயே உட்கார்ந்திருப்பதும்தான் கூடாது. இதை வாசலில் எழுதி வைக்க வேண்டியது கடையின் கடமை.

அடுத்தது பில் கவுன்டர். அவசரத்தில் லேபிளைச் செயலிழக்கச் செய்யாமல் பையில் போடுவதால்தான் பணம் கட்டியவர் வாசலில் மாட்டிக்கொள்கிறார். பார்கோடு ஸ்கேனரும், லேபிளைச் செயலிழக்கச் செய்யும் டீஆக்டிவேட்டர் பலகையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கை அசைவில் பொருள் கடக்கும்படி அமைய வேண்டும். லேபிளை பார்கோடுக்கு அருகிலேயே ஒட்டினால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும். ஐந்து பாக்கெட்டை அடுக்கி ஒன்றாகத் தேய்த்தால் மேலே உள்ளவை உயிரோடுதான் இருக்கும். ரேடியோ லேபிள் ஒருமுறை செத்தாலும், பொருள் கசங்கும்போது மீண்டும் வேலை செய்யத் தொடங்குவதும் உண்டு. வேறொரு கடையில் வாங்கிய செருப்பிலோ கைப்பையிலோ எடுக்காமல் விட்ட லேபிளும் உங்கள் கேட்டைக் கத்த வைக்கும். டேக் கழற்றும் காந்தத்தை மேசையோடு திருகி, இரவில் பூட்டி வையுங்கள். அது தனியாகக் கிடந்தால் டேக் போட்டதற்கே பொருளில்லை.

ஆகவே சத்தம் திருட்டுக்குச் சாட்சி அல்ல. “லேபிளை எடுக்காம விட்டுட்டோம் போலிருக்கு, ஒரு நிமிஷம் பார்த்துத் தர்றோம்” என்று சொல்லி, ஆளை விட்டுப் பையை மட்டும் தனியாகக் கேட் வழியே கொண்டுபோய்ப் பார்த்தாலே பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். உடம்பைத் தொட்டுச் சோதிக்க வாட்ச்மேனுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவைதான். இந்த வகை, போலீசே பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத, ஜாமீனில் விடத்தக்க குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. பொதுமக்கள் ஒருவரைப் பிடித்து வைக்கும் உரிமையோ, ஜாமீனில் விடத்தகாத, பிடியாணை தேவையில்லாத குற்றம் கண்ணெதிரே நடந்தால்தான் உண்டு. அப்போதும் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு சாக்லேட்டுக்காகப் பள்ளிப் பிள்ளையை ஸ்டோர் ரூமில் பூட்டி வைப்பவர், சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றத்துக்கு 127-ஆவது பிரிவில் தானே ஆளாகிறார். கேமராப் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்புவதும் வாசலில் ஒட்டுவதும் அதைவிடக் கொடியது. தவறான ஆள் என்று பின்னால் தெரிந்தால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் கேட்டைவிட வலுவான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. விற்பவர் பில் எழுதுவார்; சரக்கு தனி வழியில் டெலிவரி கவுன்டருக்குப் போகும்; வாடிக்கையாளர் கேஷில் பணம் கட்டி, முத்திரை விழுந்த பில்லைக் காட்டிச் சரக்கை வாங்கிக்கொள்வார். பணம் கட்டாத துணி வாடிக்கையாளர் கையோடு வாசலுக்கு வரவே வழியில்லை. புதுமை என்று சொல்லி இந்த முறையை எடுத்துவிட்டு, பட்டுப்புடவையில் ஊசி டேக் குத்துவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. ஊசி நெசவில் துளை விடும், ஜரிகையை இழுக்கும். பட்டுக்குக் கயிறு வைத்த டேக் மட்டுமே போடலாம். அதைவிட, ஒரு நேரத்தில் ஐந்தாறு புடவைக்கு மேல் விரிக்காமல், பிடிக்காததை மடித்து வைத்த பிறகே அடுத்ததை எடுப்பது மேல். ரெடிமேடில் ஊசியைத் தையல் மடிப்பில் குத்துங்கள். எல்லா உருப்படியிலும் ஒரே இடத்தில் குத்தினால் கழற்றுபவருக்குத் தேட வேண்டியிருக்காது.

பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்கு அடங்காத அளவு பெரிய பிளாஸ்டிக் உறை, பூட்டிய கண்ணாடிப் பெட்டி ஆகியவை திருடுபவரை மட்டுமன்றி வாங்குபவரையும் தடுக்கின்றன. அமெரிக்க இசைத்தட்டுக் கடைகள் குறுந்தகடுகளைச் சுமார் 12 அங்குல உயர அட்டைப் பெட்டியில் வைத்து விற்றன. பழைய இசைத்தட்டு ரேக்கில் பொருந்தவும், சட்டைக்குள் மறைக்க முடியாமலிருக்கவும் அந்த உயரம். அட்டை வீணாகிறது என்ற எதிர்ப்பு வலுத்து 1993-இல் அதைக் கைவிட்டார்கள். பூட்டுவதானால் சாவி அந்த வரிசையிலேயே நிற்கும் பணியாளரிடம் இருக்கட்டும். சாவிக்காரரைத் தேடும் நேரத்தில் வாடிக்கையாளர் போய்விடுவார். பல பொருள்களுக்குப் பூட்டே வேண்டாம். முன்வரிசையில் மூன்று நான்கு உருப்படி மட்டும் வைத்து, குறையக் குறைய நிரப்புங்கள். இருபது வைத்தால் ஐந்து போனதே தெரியாது. நடு ரேக்குகள் ஐந்தடிக்கு மேல் உயராமல் இருந்தால் கவுன்டரிலிருந்தே கடை முழுதும் தெரியும்.

கடைசியாகச் சம்பளப் பிடித்தம். முன்பிருந்த 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமும் சரி, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, பொருள் இழப்புக்காகப் பிடிக்க வேண்டுமானால் அந்தப் பொருள் அந்தப் பணியாளரின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், இழப்பு அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக நேர்ந்திருக்க வேண்டும், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு தந்திருக்க வேண்டும், இழப்பின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்கின்றன. நூறு பேர் கைவைக்கும் திறந்த ரேக்கின் ஷார்ட்டேஜை ஒரு மாடியில் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் பங்கு போட்டுப் பிடிப்பது இவற்றில் எதற்கும் பொருந்தாது. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைகளுக்குப் போகும்போது ஊதியப் பதிவேட்டில் இந்தப் பிடித்தத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் ஏறாமல் கையில் கொடுக்கும்போதே குறைத்துக் கொடுக்கிறார்களா என்று பணியாளர்களைத் தனியே கேட்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
கடைப் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தும் பணியாளர்கள்,
கோயம்புத்தூர்.