பெர்சிமன் நடுமுன் ஆணா பெண்ணா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உதிர்ந்த பழத்தைத் தின்ன வரும் வெண்வால் மான்களை வேட்டையாடுவதற்காக, அமெரிக்காவில் பெர்சிமன் என்னும் பழமரத்தை வளர்ப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கன்றை நட்டுக் காத்திருந்தால் போதும் என்கிறது கட்டுரை. ஆனால் முக்கியமான ஒன்று அதில் விடுபட்டிருக்கிறது. அமெரிக்கப் பெர்சிமனில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நம் பனையைப் போலவே பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. விதைக்கன்று பூக்க ஆறேழு வருடமாவது ஆகும். அப்போது ஏறக்குறைய பாதிக் கன்றுகள் ஆணாக நிற்கும். அத்தனை காலம் களையெடுத்துத் தண்ணீர் ஊற்றியவருக்கு அது பெரிய இழப்பு.

ஆகவே குழி தோண்டுமுன் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மிசூரி, டென்னசி மாநிலங்களில் வேலியோரங்களிலும் கைவிட்ட வயல்களிலும் இது தானாக முளைக்கும் மரம். வயதான மரத்தில் பட்டை கருத்து, சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். இலையுதிர்ந்த பின்னும் கிளையில் பழம் தொங்கினால் பெண். பூக்கும் காலத்தில் பார்த்தால், பெண் பூ தனியாக, பெரிதாக இருக்கும். ஆண் பூ சிறிதாக, இரண்டு மூன்று சேர்ந்து இருக்கும். பெண் மரத்தின்மேல் கவிந்த பிற மரங்களை வெட்டி வெயில் விட்டாலே காய்ப்பு கூடும்.

ஆண் மரத்தை வீணென்று தள்ள வேண்டாம், ஒட்டுக் கட்டிப் பெண்ணாக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் நல்ல பெண் மரத்திலிருந்து பென்சில் பருமனுள்ள, முந்தைய வருடம் வளர்ந்த குச்சிகளை வெட்டி, ஈரத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆப்பிள் இருக்கும் தட்டில் மட்டும் வேண்டாம். அதன் வாயு மொட்டைக் கெடுக்கும். ஆண் மரம் துளிர்த்து, பட்டை எளிதாக உரிகிற நேரமே ஒட்டுக்குரிய நேரம். அவசரப்பட்டுச் சீக்கிரம் கட்டுவதால்தான் பல ஒட்டுகள் காய்ந்துபோகின்றன. 5 முதல் 10 செ.மீ. பருமனுள்ள தண்டை அறுத்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று குச்சிகளைச் செருகி, இறுகக் கட்டி, வெட்டுவாயை மெழுகால் மூடுங்கள். பிறகு ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை விடாமல் கிள்ள வேண்டும். விட்டால் பழைய ஆண் மரமே திரும்ப எழுந்துவிடும். ஒட்டு வேகமாக நீளும், காற்றில் முறியும், கழி கட்டுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பழம் பார்க்கலாம். மகரந்தத்துக்கு ஓர் ஆண் மரத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

மரமே இல்லாத நிலத்தில் விதைக்கன்றைவிட ஒட்டுக்கன்று மேல். மீடர் போன்ற ரகங்கள் மகரந்தம் இல்லாமலே விதையற்ற காய் பிடிக்கும். மற்ற ரகங்களில் கவனம் தேவை: இம்மரத்தில் 60 குரோமோசோம் உள்ள இனமும் 90 உள்ள இனமும் உண்டு. ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் பொதுவாக உதவாது. சீக்கிரம் உதிர்க்கும் ரகம், டிசம்பர்வரை தாங்கும் ரகம் இரண்டையும் கலந்து நட்டால் வில்லால் வேட்டையாடும் பருவத்திலிருந்து, பின்னால் வரும் துப்பாக்கி வேட்டைப் பருவம்வரை மரத்தடியில் பழம் கிடக்கும்.

குளிர்கால இறுதியில், ஆணிவேர் மடங்காத ஆழத்தில், 6 மீட்டர் இடைவெளி விட்டு நடுங்கள். வேர் கறுப்பாகத்தான் இருக்கும், செத்துவிட்டதென்று எறியாதீர்கள். துளிர்ப்பதும் தாமதமாகவே. முதல் இரண்டு கோடையில் மழையில்லாத வாரம் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல் கூடாது. கடாமான்கள் கொம்பை உரசிப் பட்டையை உரித்துவிடும் என்பதால் கம்பிக்கூண்டு அவசியம். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் பிஞ்சு கொட்டும்.

பரணை மரத்தின்மேலேயே கட்டாமல், மான் வரும் தடத்திலிருந்து பரணை நோக்கிக் காற்று வீசும் பக்கத்தில் தள்ளிக் கட்டுங்கள். இன்னொன்றையும் கட்டுரை சொல்லவில்லை. மரத்திலிருந்து தானாக உதிர்ந்த பழம், மானை ஈர்க்க இரை வைப்பதாகாது. வேறிடத்தில் பொறுக்கிய பழத்தைக் கொண்டுவந்து கொட்டுவது பல மாநிலங்களில் இரை வைத்த குற்றமாகும். பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் மான்களுக்கு வரும் கொடிய நோய் பரவிய பகுதிகளில் இந்த விதி இன்னும் கடுமை. பருவம் தொடங்குமுன் அந்தந்த மாநிலத்தின் அவ்வருட விதிகளைப் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மிசூரி, அமெரிக்கா