எராஸ்மஸின் கைகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டிவலி பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு நானும் என் முட்டியைத் தடவிக்கொண்டேன். பாரிஸில் மகள் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

போன புதன்கிழமை லூவ்ர் அருங்காட்சியகம் போனோம். மோனாலிசா முன்னால் ஒரே கூட்டம். ஐந்து நிமிஷத்தில் நழுவிவிட்டேன். அப்புறம் ஆளரவம் குறைந்த ஓர் அறையில் ஒன்றரை அடி உயரம்கூட இல்லாத ஒரு பலகைப் படம். ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1523-இல் தீட்டிய எராஸ்மஸ், அந்தக் காலத்துப் பெரிய நெதர்லாந்து அறிஞர். அங்கேயே நின்றுவிட்டேன்.

மனுஷர் நம்மைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டு முகம், தாழ்ந்த இமை, கண் காகிதத்தில். மோதிரம் போட்ட இடது கை காகிதத்தை அழுத்திப் பிடிக்க, வலது கை எழுதுகிறது. கன்னத்தில் கைவைத்து யோசிக்கிற பாவனை எதுவும் இல்லை. இந்தக் கைகளை ஹோல்பைன் தனித்தாளில் வரைந்து பார்த்திருக்கிறார். அந்தத் தாள்களும் லூவ்ரில்தான் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் இருக்கும் இதே படத்தின் இன்னொரு பிரதியில் என்ன எழுதுகிறார் என்றே படிக்கலாம்: மாற்கு நற்செய்திக்கு அவர் செய்த விளக்கவுரையின் ஆரம்ப வரிகள்.

இன்னொரு ஜெர்மன் ஓவியர் டியூரர் 1526-இல் இதே ஆளைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். முன்னால் புத்தகங்களைப் பரப்பிவிட்டு, ‘இதைவிட நல்ல உருவத்தை இவருடைய எழுத்துகள் காட்டும்’ என்று கிரேக்கத்தில் பொறித்துவைத்தார். அடக்கம்தான், ஆனால் எனக்கென்னவோ மழுப்பலாகப் பட்டது. சாயல் சரியாக வரவில்லை என்று எராஸ்மஸுக்கே குறை.

ஒரு வேடிக்கை கேள். 1517-இல் தன் ஆங்கிலேய நண்பர் தாமஸ் மோருக்குப் பரிசாக அனுப்ப, குவென்டின் மாசைஸ் என்பவரிடம் எராஸ்மஸ் படத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் வைத்தியர் பேதி மாத்திரை கொடுக்க, முகமே மாறிப்போய்விட்டது. தெளிச்சி வரட்டும் என்று ஓவியர் சில நாள் தள்ளிவைத்துவிட்டாராம். அம்மைத் தழும்பு மறையட்டும் என்று நீ பாஸ்போர்ட் போட்டோவைத் தள்ளிப்போட்டாயே, அதுதான் ஞாபகம் வந்தது.

லூவ்ரில் ஹோல்பைன் தீட்டிய கிராட்சரும் இருக்கிறார், 1528. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் வானியலாளர். கையில் பல முகம் கொண்ட சூரியக் கடிகாரம், அதுவும் பாதி வேலையில். மேசையிலும் சுவரிலும் கருவிகள். படிப்பறையா, தச்சுப்பட்டறையா என்று சந்தேகம் வரும். எழுதி முடிக்காத பக்கம், செய்து முடிக்காத கடிகாரம். படத்துக்காக முடிந்த புத்தகத்தை யார் கையிலும் கொடுத்துவிடலாம், பாதி வேலையை அப்படிக் கொடுக்க முடியாதே என்று தோன்றியது.

நம் பட்டமளிப்புப் போட்டோ இன்னும் வைத்திருக்கிறாயா? ஸ்டுடியோக்காரர் ரிப்பன் கட்டிக் கொடுத்த சுருள், பிரித்தால் வெற்றுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு என்ன ஒரு விறைப்பு நமக்கு!

எராஸ்மஸ், கிராட்சர் இரண்டு படத்துக்கும் தபால் அட்டை வாங்கிவைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன். முட்டிக்கு எந்தத் தைலம் கேட்கிறது என்று மறக்காமல் எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்