பெயர்களைத் தர மாட்டோம், மேடம்

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கும் விடுதிக் குழுவுக்கும்,

மாணவியர் விடுதியின் தண்ணீர்த் தொட்டி மாதக்கணக்கில் கழுவப்படவில்லை என்று நம் மாணவர் இதழில் எழுதினோம். அடுத்த வாரமே தொட்டியைக் கழுவிவிட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதற்குப் பிறகு எங்களை மூன்று முறை கூப்பிட்டு, மூன்று முறையும் "உங்களிடம் யார் சொன்னது?" என்று மட்டும்தான் கேட்டீர்கள்.

சொன்னவர்கள் பயந்து பயந்துதான் பேசினார்கள், மேடம். இன்டர்னல் மதிப்பெண் போய்விடுமோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், வார்டன் வீட்டுக்குப் போன் செய்துவிடுவார் என்பது. அப்படி ஒரு போன் போனால், "நீ படித்துக் கிழித்தது போதும், வீட்டுக்கு வா" என்று சொல்லிவிடும் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அது உங்களுக்கும் தெரியும். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அவர்கள் வாயைத் திறந்தார்கள்.

செய்தி சொன்னவர் பெயரைக் காப்பதெல்லாம் பெரிய பத்திரிகைக்காரர்களுக்கு, மாணவர்களுக்கு இல்லை என்றீர்கள். சரி, பெரிய பத்திரிகைகளுக்கே இங்கே முழுப் பாதுகாப்பு கிடையாது. செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1978ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டம் சொல்வது, பத்திரிகைகள் மீதான புகார்களைக் கேட்கும் அந்தக் கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும்தான், நீதிமன்றத்துக்குப் பொருந்தாது. நீதிமன்றத்திலும் ஓரளவு பாதுகாப்பு வேண்டும் என்று 1983இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது, அது இன்னும் சட்டமாகவில்லை. அதனால் சட்டத்தைக் காட்டி உங்களிடம் வாதாட வரவில்லை. ஆனால் மாணவர் இதழ் என்பதால் இது சின்ன விஷயம் ஆகிவிடாது. 1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் நாளிதழின் அலுவலகத்தில், ஒரு போராட்டப் படங்களைத் தேடிப் போலீஸ் சோதனை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978இல் மாணவர்கள் தோற்றார்கள், ஆனாலும் அப்படிப்பட்ட சோதனைகளைக் கட்டுப்படுத்த 1980இல் அங்கே தனிச் சட்டமே வந்தது.

இப்போது வந்திருக்கும் சுற்றறிக்கைக்கு வருகிறேன். கட்டுரைகளை முன்கூட்டியே துறைத் தலைவரிடம் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை, அதையாவது உட்கார்ந்து பேசலாம். பேசியவர்களின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற வரியை மட்டும் நீக்கிவிடுங்கள். அது இருந்தால் இனி எங்களிடம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், தொட்டியும் பழையபடி கிடக்கும்.

பெயர் இல்லை என்பதற்காக வாய்க்கு வந்ததை எழுதுவதில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தனியாக உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்ப மாட்டோம். தவறு இருந்தால் காட்டுங்கள், அடுத்த இதழிலேயே திருத்தம் போடுகிறோம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் படங்களையும் எடுத்த தேதிகளையும் கொண்டு வருகிறோம், பெயர்களைத் தவிர என்ன கேட்டாலும் பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் இதழ் ஆசிரியர் குழு