ரிமாண்ட் அன்றே வக்கீல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விசாரணைக் கைதிகள் பற்றிய தங்கள் தலையங்கத்தில் நீதிபதிகள் பற்றாக்குறை, போலீசாரின் தாமதம் எல்லாம் வந்திருந்தன. கைதிக்காகப் பேச வேண்டிய வக்கீலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நடுவர் முன் முதலில் நிறுத்தும்போதே அந்த உரிமை தொடங்கிவிடுகிறது என்று கைதிகளின் கண்களைப் போலீசார் குருடாக்கிய பீகாரின் பாகல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981லேயே சொல்லிவிட்டது.

நடப்பது வேறு. ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க நடுவரின் உத்தரவு பெற, ஆளைக் கொண்டுவரும்போது "வக்கீல் வச்சிருக்கியாப்பா?" என்று கேட்பார்கள். இல்லை என்று தலையை ஆட்டுவான், சிறைக்குப் போவான். பல வழக்குகளில் சட்ட உதவி வக்கீல் வந்து சேர்வது குற்றப்பத்திரிகை நகல் கொடுத்த பிறகுதான். அதற்குள் பெரிய வாய்ப்பு ஒன்று கைநழுவியிருக்கும். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை; வழக்கின் தன்மையைக் காட்டி நீதிமன்றம் மறுக்க முடியாது. ஆனால் மனு போட வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே. அறுபத்தோராம் நாள் காலையில் மனுவோடு வந்து நிற்க வக்கீல் இல்லாதவனுக்கு அந்த உரிமை இருந்தும் இல்லாததுதான். காவல் நீட்டிப்போ இப்போது கைதி நீதிமன்றத்துக்கே வராமல் காணொலியிலேயே முடிந்துவிடுகிறது.

பெயருக்கு ஒரு வக்கீலைப் போடுவதன் விளைவுக்கு மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வா வழக்கைப் பார்க்கலாம். 2013இல் அங்கே ஒரு கொலை வழக்கில் சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டும் பதிவானது. சில வாரங்களில் தூக்குத் தண்டனை. வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்க்கக்கூட வக்கீலுக்கு நேரமில்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. இப்படிப்பட்ட வழக்குகளில் தயாராவதற்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த மனிதர் விடுதலையானது 2024இல்.

முழுநேர சட்ட உதவி வக்கீல்களை நியமிக்கும் 2022ஆம் ஆண்டுத் திட்டத்தை நான் வரவேற்கிறேன். சொந்த வழக்கு நடத்தாமல் இதையே வேலையாகச் செய்பவர் வழக்கை நடுவில் கைவிட மாட்டார். ஆனால் அவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். அவர்களைத் தேர்வு செய்யும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி. காலை அவர் முன் வாதாடிவிட்டு, அடுத்த ஆண்டு ஒப்பந்த நீட்டிப்புக்கும் அவரையே பார்த்திருக்கும் வக்கீல் எவ்வளவு முரண்டு பிடிப்பார்? (எந்த நீதிபதியையும் குறை சொல்லவில்லை, நான் பார்த்த பலர் நல்லவர்கள்.) அரசுத் தரப்புக்குப் போலீசும் தடய அறிவியல் ஆய்வகமும் இருக்கின்றன. சட்ட உதவி வக்கீல்களுக்கும் தனி ஆணையம், நிரந்தரப் பதவி, நிபுணரை அழைக்கப் பணம் வேண்டும்.

அதெல்லாம் வர நாளாகும். இப்போதைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஒவ்வொரு ரிமாண்ட் உத்தரவிலும் வக்கீலின் பெயர், கைபேசி எண், ஜாமீன் உரிமை தொடங்கும் தேதி மூன்றும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறையில் ஆளை ஏற்கக் கூடாது என்று. கூடுதலாக எழுத்தருக்கு இரண்டு நிமிட வேலை.

சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை உங்கள் பத்திரிகை அடிக்கடி வெளியிட்டாலும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
விருத்தாசலம்