துப்பாக்கி திரும்பியது, மேகசின் மாறியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளிவந்த, பழைய துப்பாக்கிகளைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். .303 ரகம் காவல் துறையிலிருந்து மெல்ல விடைபெற்றுவரும் இந்த வேளையில் அதன் வரலாற்றை எளிய தமிழில் எழுதியிருப்பதற்குக் கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். ஆனால், மேகசின் என்பது தோட்டாக்களைப் போட்டுவைக்கும் தகரப் பெட்டிதான் என்றும், ஒரே ரகத் துப்பாக்கியாக இருந்தால் எதை எடுத்து எதில் மாட்டினாலும் வேலை செய்யும் என்றும் அவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். இராணுவத்தில் ஈ.எம்.இ. என்னும் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் ஆர்மரராக, அதாவது படைக்கலங்களைப் பழுதுபார்ப்பவனாகப் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் குடமுருட்டிக் கரையில் நெல்லும் உளுந்தும் பார்த்துவரும் என்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அதே எண்ணத்தால் எங்கள் ஊரில் ஒரு சிக்கல் நேர்ந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம், அவருடைய தந்தையார் காலத்திலிருந்து வந்த .315 ரகத் துப்பாக்கி ஒன்று முறையான உரிமத்துடன் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் வழக்கம்போல அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். உரிமத்தில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் ஒத்திருந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டார். ஆயுத பூசையன்று துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பதைத் தவிர அவர் அதைத் தொடுவதில்லை. அந்த நாளில்தான், "தம்பி, இது முன்னே மாதிரி இல்லையே, ஆடுதே" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேகசின், அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கியான கேட்ச்சில் மாட்டிக்கொண்டது. ஆனால் அடியில் விரலை வைத்து அழுத்தினால் மேலே ஏறி இறங்கியது. அது அந்தத் துப்பாக்கியோடு பிறந்த மேகசின் அல்ல என்பது பார்த்த உடனே தெரிந்தது.

.303, .315 இரண்டும் சேர்ந்த லீ-என்ஃபீல்டு வகைத் துப்பாக்கியில் மேகசின் கழற்றக்கூடியதுதான். ஆனால் கழற்றிக் கழற்றி மாற்றுவதற்காக அது வடிவமைக்கப்படவில்லை. 1888இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்ற லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியில், மேகசின் தொலைந்துபோகாமலும் மாறிப்போகாமலும் இருக்க அதை ஒரு சிறு சங்கிலியால் துப்பாக்கியோடே பிணைத்திருந்தார்கள். 1907இல் வந்த லீ-என்ஃபீல்டு மார்க் 3 வகையில் சங்கிலி இல்லை. ஆனாலும் சிப்பாய் ஐந்து ஐந்து தோட்டாக்கள் கோத்த சார்ஜர் கிளிப் இரண்டை மேற்புறமிருந்து அழுத்தித்தான் பத்துத் தோட்டாக்களை நிரப்பினான். மேகசின் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்றைய படங்களில் காட்டுவதுபோல் காலி மேகசினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை அடித்து மாட்டுவது அந்தத் துப்பாக்கிக்குரிய பழக்கமல்ல. ஒரு துப்பாக்கிக்கு ஒரு மேகசின், அதுவும் ஆர்மரர் கையால் அந்தத் துப்பாக்கிக்கென்றே பார்த்துப் பொருத்தியது.

பார்த்துப் பொருத்த அதில் என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்துச் செய்த அந்தப் பெட்டியின் வாய் ஓரங்கள்தான் தோட்டாவை எந்த உயரத்தில் நிறுத்துவது, எந்தக் கோணத்தில் விடுவது என்று தீர்மானிக்கின்றன. எங்கள் பட்டறையில் அவற்றை லிப் என்போம். பெட்டியின் பின்புறத்தில் உள்ள பல்லை ட்ரிகர் கார்டின் முன்பக்கத்தில் இருக்கும் கேட்ச் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பல் தேய்ந்தோ, கேட்ச் தளர்ந்தோ, அடித்தண்டின் மரம் பல ஆண்டு மழையிலும் வெயிலிலும் சுருங்கியோ மேகசின் ஒரு மயிரிழை கீழே இறங்கினால், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் தண்டான போல்ட் முன்னே போகும்போது தோட்டாவின் பின் விளிம்பைத் தொடாமல் அதன் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு மயிரிழை மேலே ஏறினால் போல்ட் உரசும். லிப் ஒருபுறம் அகன்றிருந்தால் தோட்டா, குழலின் பின்புறத்தில் அது போய் அமரும் அறையான சேம்பரின் வாயில் நேராகப் போகாமல் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் வாய்க்காலில் ஒரு மதகின் பலகையை அடுத்த மதகில் இறக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: இரண்டும் ஒரே தச்சர் ஒரே நாளில் அறுத்ததாக இருந்தாலும், ஒன்றில் இறுகும், இன்னொன்றில் தண்ணீர் கசியும்.

.303 தோட்டாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் அடிப்புறத்தில் விளிம்பு புடைத்திருக்கும். நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் அமைந்துவிட்டால், மேல் தோட்டாவைப் போல்ட் தள்ளும்போது அது கீழே இருப்பதையும் கொக்கிபோல் பற்றித் தள்ளி, இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். .315 தோட்டாவும் விளிம்புள்ளதே. படைத்தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேயர் காலத்தில் விதித்ததால், அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் வேறு தோட்டாவுக்கென்று உருவான வேட்டைத் துப்பாக்கி அது. அமைப்பு வந்தபோது அதன் பிடிவாதங்களும் கூடவே வந்துவிட்டன.

"ஒரே ரகம்" என்ற சொல்லையும் கட்டுரையாளர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதல் உலகப் போரில் புகழ்பெற்ற மார்க் 3 வகையும், இரண்டாம் உலகப் போரில் பெருமளவில் தயாரான நம்பர் 4 வகையும் சுடுவது ஒரே .303 தோட்டாவைத்தான், இருந்தும் இவற்றின் மேகசின்கள் ஒன்றுக்கொன்று இயல்பாகப் பொருந்துவதில்லை. மேற்கு வங்கத்தில் இஷாபூர் தொழிற்சாலை 1960களில் செய்த 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகள் தூரத்திலிருந்து பார்த்தால் மார்க் 3 போலவே இருக்கும். ஆனால் அவை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை, அந்தத் தோட்டாவுக்குப் புடைத்த விளிம்பு கிடையாது, நீளமும் .303ஐவிட ஏழு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவு. அதனால் அவற்றுக்குப் பன்னிரண்டு தோட்டா கொள்ளும் வேறு மேகசினே செய்ய வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் பிறந்த எஃப்.என். துப்பாக்கியின் கதை இன்னும் வேடிக்கை. அதே வடிவமைப்பை பிரிட்டன் அங்குலக் கணக்குக்கு மாற்றிச் செய்தபோது மேகசினின் முன்புறப் பற்று பெரிதாகிவிட்டது. அந்த மேகசின், மில்லிமீட்டர் கணக்கில் செய்த மெட்ரிக் துப்பாக்கிக்குள் நுழையவே நுழையாது. தோட்டா ஒன்று, குடும்பமும் ஒன்று, பொருத்தம் மட்டும் இல்லை.

பெரியவர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்பதற்கு முன்பே அவர் மகன் மேகசினை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போயிருக்கிறார். பட்டறைக்காரர் நல்ல கைவினைஞர். பம்பு செட்டு, டில்லர் எல்லாம் அவர் கையில் உயிர்பெறும். "கொறடால ரெண்டு நெளி நெளிச்சா சரியாப் போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அன்று மின்சாரம் இல்லாமல் கடையில் கூட்டம் சேர்ந்ததால் மகன் திரும்பிவிட்டார். லிப்பைக் குறட்டால் வளைப்பது ஒருவழிப் பாதை. ஒருமுறை வளைத்த தகட்டை மறுபடி நேராக்கினால் பழைய விறைப்பு வராது, இரண்டாம் முறை விரிசல் விடும். ஆர்மரர்களுக்கே இதற்குத் தனிக் கருவியும் அளவுக் கட்டையும் உண்டு. மேலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கும்; பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். என்னிடம் பயிற்சி இருக்கிறது, உரிமம் இல்லை. ஆகவே நானும் கைவைக்கவில்லை.

பெரியவர் உரிய ஆவணங்களோடு துப்பாக்கியைத் திருச்சியில் உள்ள உரிமம் பெற்ற கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கே மருந்தில்லாத டம்மி தோட்டாக்களைப் போட்டுப் பார்த்ததில், முதல் தோட்டா போனது, இரண்டாவதன் மேல் போல்ட் வழுக்கியது. பிறகு காவல் நிலையத்தில் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னோம். அதே நாளில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் ஒரு .315ஐ ஒப்படைத்திருந்தார். அவர் துப்பாக்கியிலோ நேர்மாறான கோளாறு: மேகசின் உயர்ந்து நின்று, போல்ட் ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டிருந்தது, துரு என்று நினைத்து அவர் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நிலைய அலுவலர் முன்னிலையில் இரண்டு மேகசின்களையும் மாற்றிப் போட்டதும் இரண்டு துப்பாக்கிகளும் ஒழுங்காயின. ஒரு ராவுகூட ராவவில்லை.

எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருகிறது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும், நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றும் மேகசினின் உள்மடிப்புகளில்தான் முதலில் துருவை வைக்கும். அதற்குப் பலரும் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். அது மார்கழிக் குளிரில் உறைந்து, தோட்டாவை மேலே தூக்கும் தட்டை மந்தமாக்கிவிடும். துப்பாக்கிக்குரிய மெல்லிய எண்ணெயை, அதுவும் துணியில் நனைத்துப் பிழிந்து தடவினால் போதும்.

காவல் நிலையத்தைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. தேர்தல் நேரத்தில் அங்கே வேலை எவ்வளவு என்பதை அறிவேன். ஒப்புகைச் சீட்டில் துப்பாக்கியின் ரகமும் எண்ணும் இருக்கின்றன. மேகசினுக்கு எண் கிடையாது என்பதால் அதற்கு இடமே இல்லை. துப்பாக்கி எண்ணை எழுதிய சிறு அட்டை ஒன்றை நூலால் மேகசினில் கட்டி, சீட்டில் "மேகசின் ஒன்று, அட்டையுடன்" என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் வராது. எண்ணைத் தகட்டிலேயே எண் பதிக்கும் பஞ்ச் உளியால் அடித்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம், அந்த மெல்லிய தகடு உள்ளே குழிந்து தட்டு சிக்கிக்கொள்ளும். உரிமதாரர்களும் ஒப்படைக்கும் முன் மேகசினை நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே ".303 துப்பாக்கி" என்று அச்சாகியிருந்தது. .303இன் மேகசின் அடிப்புறம் சாய்வாக, ஆப்புபோல் இருக்கும். படத்தில் உள்ளதோ சதுரமாக, ஆழமாக இருக்கிறது. அது 2ஏ1. அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.