கோரிக்கை வந்தால் விமானம், பாலிசி கேட்டால் பொம்மையா?

குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வீட்டுக் காப்பீட்டை நான்கு வருடமாக உங்களிடம்தான் புதுப்பிக்கிறேன். என்னால் அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் 5 லட்சம் ரூபாய் வரை தரும் 'பொதுப் பொறுப்பு' பகுதியும் அதில் உண்டு. ரிமோட் விமானம் விடுவது என் பொழுதுபோக்கு என்று ஏஜெண்டிடம் சொல்லித்தான் அதைச் சேர்த்தேன். "எல்லாத்துக்கும் வரும் சார்" என்றார்.

கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் விமானம் விட்டுக்கொண்டிருந்தேன். கடல்காற்று திடீரென்று தூக்கியதில் விமானம் பிடி நழுவி வரப்பில் விழுந்தது. அங்கே ஆடு மேய்த்த பெரியவரின் முன்கையை விமானத்தின் சுழல்விசிறி கிழித்துவிட்டது. ஆறு தையல். மருத்துவச் செலவும் பத்து நாள் கூலியுமாக 9,600 ரூபாய் கைக்காசு கொடுத்தேன். ஒடிந்த இறக்கைக்கு நான் ஒரு பைசா கேட்கவில்லை, அது என் பாடு.

அந்தத் தொகையைக் கேட்டேன். பணம் தராத இனங்களைச் சொல்லும் விலக்குப் பட்டியலில் 'வானூர்தி' வருகிறது என்று கோரிக்கையை மறுத்துவிட்டீர்கள். சரி என்று பாலிசியைப் புரட்டினேன். 17-ஆம் பக்கத்தில், கண்ணாடி போட்டும் தெரியாத எழுத்தில், காருக்கும் படகுக்கும் நடுவே அந்த ஒற்றைச் சொல். என் விமானம் 1.4 கிலோ தெர்மாகோல். அமெரிக்க வீட்டு பாலிசிகள் பலவற்றில், ஆளையோ சரக்கையோ ஏற்றாத மாடல் விமானம் இந்த விலக்கில் சேராது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் டிரோன் பாலிசி கேட்டு உங்கள் கிளைக்குப் போனேன். அந்த ரக டிரோனுக்கான தரச் சான்றான 'டைப் சர்ட்டிபிகேட்' கேட்டார்கள். 2021 டிரோன் விதிகளின்படி, பொழுதுபோக்குக்காகக் கண் பார்வைக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு மேற்படாத மாடல் விமானத்துக்கு அது தேவையில்லை என்றேன். "அப்போ இது பொம்மை சார், பொம்மைக்கு பாலிசி கிடையாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். அதே விதிகளில் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டாம் என்று விட்டிருப்பது 250 கிராமுக்கு மேற்படாத நானோ டிரோனை மட்டும்தான்; என் 1.4 கிலோவுக்கு அது வேண்டும். பொம்மை என்றால் 9,600 ரூபாயைக் கொடுங்கள். விமானம் என்றால் அதற்கான பாலிசியைக் கொடுங்கள்.

எந்த வரையறைப்படி மறுத்தீர்கள் என்பதை எழுத்தில் தரவும். மருத்துவமனைச் சீட்டு, பில்கள், பெரியவர் கைநாட்டு வைத்த ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் பாலிசிதாரர் புகார்களைத் தீர்க்கும், சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போவேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்